அங்கன்வாடிப் பெற்றோர் கூட்டத்தில் போனைப் பற்றி என்ன பேசுவது?

டீச்சர், உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கன்வாடியில் கூட்டம் போட்டு, "இரண்டு வயதுக்குள் போனே வேண்டாம், அதற்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள்" என்று சுவரில் அட்டையும் ஒட்டிச் சொல்லியாகிவிட்டது. அம்மாக்கள் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வாசலைத் தாண்டும்போதே பிள்ளை கையில் போன் போய்விடுகிறது. போன் பார்த்தே பிள்ளைக்கு ஆட்டிசம், அதாவது மற்றவரோடு பழகுவதையும் பேசுவதையும் பாதிக்கிற வளர்ச்சிக் குறைபாடு, வந்துவிடும் என்று சொல்லி, 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோவை அடுத்த கூட்டத்தில் போட்டால் பயந்தாவது கேட்பார்களா என்கிறீர்கள். திரை நல்லதா கெட்டதா என்று நீங்கள் கேட்கவே இல்லை, அது உங்களுக்கும் தெரியும், அந்த அம்மாக்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள், அவர்களிடம் வேறு எப்படிப் பேசுவது என்பதுதான் கேள்வி. நான் தென்மாவட்டம் ஒன்றில் பேச்சுப் பயிற்சி தருகிறவன். பேச்சு வரவில்லை என்று கூட்டிவரப்படும் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளோடும் அவர்கள் வீட்டாரோடும்தான் என் பொழுது போகிறது. டாக்டர் இல்லை, அதனால் கண், உடம்பு பற்றிய கேள்விகளை டாக்டரிடமே விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. தயவுசெய்து காட்டாதீர்கள். 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு நோய் டாக்டர்கள் பின்பற்றும் பட்டியல்களில் கிடையாது, டிஎஸ்எம்-5இலும் இல்லை, ஐசிடி-11இலும் இல்லை. அந்த வீடியோக்களில் உண்மை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. நாள் முழுக்கத் திரையோடு இருந்த சில பிள்ளைகள் கூப்பிட்டால் திரும்பாமல், முகம் பார்க்காமல், பேசாமல் இருப்பார்கள், திரையை எடுத்துவிட்டு வீட்டார் கூட உட்கார்ந்து விளையாட ஆரம்பித்ததும் சில மாதங்களில் நன்றாகத் தேறிவிடுவார்கள். ஆனால் எல்லாத் திரையையும் நிறுத்தியும் அப்படியே இருக்கிற பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். அவர்களில் பலருக்கு இருப்பது ஆட்டிசம், அதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது, போன் பார்த்ததால் வந்ததில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலர் மனித முகத்தைவிடத் திரையோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள், வீட்டாரும் வேறு வழி தெரியாமல் கொடுத்துவிடுவார்கள், ஆக எது முந்தி எது பிந்தி என்று வெளியே நின்று சொல்லிவிட முடியாது.

அந்த வீடியோவைப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கூட்டத்தில் நிஜமாகவே ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். அன்று ராத்திரியே வீட்டில் "நீ போனைக் குடுத்துதான் பிள்ளையை இப்படி ஆக்கிட்ட" என்று மாமியார் ஆரம்பிப்பார். இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறாக, "போனை நிறுத்தியாச்சு, இனி தானா சரியாயிடும்" என்று ஒரு வருஷம் சும்மா இருந்துவிடுவார்கள். அந்த ஒரு வருஷம்தான் பயிற்சிக்கு ரொம்ப முக்கியமான வருஷமாக இருக்கும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, ஒரு வார்த்தைகூட வரவில்லை, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பேசிக்கொண்டிருந்த வார்த்தைகள் நின்றுபோயின, இதில் எது இருந்தாலும் போன் பேச்சையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் காது கேட்கும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம், டிஇஐசி என்பார்கள், அங்கே செலவில்லாமல் பார்ப்பார்கள். உங்கள் அங்கன்வாடிக்கு வரும் பள்ளி சிறார் நலத் திட்ட டாக்டர் குழுவிடம் சொன்னாலே எழுதிக் கொடுப்பார்கள்.

சரி, அம்மாக்களிடம் தைரியமாக அடித்துச் சொல்லக்கூடியது எது? இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை மனிதரிடம் கற்றுக்கொள்வது போலத் திரையிடம் கற்றுக்கொள்வதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் சியாட்டிலில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார்கள், 2003இல் வெளியான ஆய்வு அது. சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசக் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள், அதே ஆட்கள் அதையே டிவியில் பேசிக் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றுமே ஏறவில்லை. 2010இல் வந்த இன்னொரு ஆய்வில், வார்த்தை கற்றுத்தரும் என்று விற்கப்பட்ட வீடியோவை ஒன்றேகால் வயதை ஒட்டிய குழந்தைகளுக்கு நான்கு வாரம் போட்டுப் பார்த்தார்கள். பார்க்காத குழந்தைகளைவிட இவர்களுக்கு வார்த்தை கூடவில்லை. அதிகம் கற்றது, வீடியோவே இல்லாமல் அம்மா அப்பா அன்றாட வேலைக்கு நடுவே அந்த வார்த்தைகளைச் சொல்லித்தந்த குழந்தைகள். இதில் வேடிக்கை என்னவென்றால், வீடியோவை ரொம்பப் பிடித்துப்போன பெற்றோர்கள்தான் தங்கள் பிள்ளை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள். "ஏபிசிடி எல்லாம் போன்லதான் சார் கத்துக்கிட்டான்" என்று யாராவது சொன்னால் இது ஞாபகத்துக்கு வரும். அந்தப் பிள்ளை வரிசையாக ஒப்பிப்பான், ஆனால் தாகம் எடுத்தால் 'தண்ணி' என்று கேட்கத் தெரியாது, அம்மா கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்திடம் இழுத்துக்கொண்டு போவான். பெற்றோரிடம் இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றும் உறுதி. டிவி ஓடுகிற வீட்டில் பெரியவர்கள் பேச்சு குறைகிறது. 2009இல் வந்த ஆய்வு ஒன்றில் குழந்தைகள் சட்டையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை மாட்டிவிட்டு எண்ணினார்கள்: டிவிச் சத்தம் கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் குழந்தை காதில் விழும் பெரியவர்களின் வார்த்தைகள் 770 குறைந்தன. பிள்ளை டிவியைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, பாட்டி சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை கட்டிலுக்கடியில் விளையாடிக்கொண்டிருந்தாலும் இந்தக் கணக்குதான். என் தொழிலில் பார்த்தவரை, திரையின் கேடு திரைக்குள் என்ன ஓடுகிறது என்பதைவிட, அந்த நேரத்தில் நடந்திருக்க வேண்டிய பேச்சு நடக்காமல் போவதில்தான் அதிகம்.

இனி அவ்வளவு உறுதியில்லாதவை. உங்கள் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு மணி நேரக் கணக்கு 2019இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரைக்குப் பின்னால் இருக்கும் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்று அந்த நிறுவனமே அதே அறிக்கையில் எழுதியிருக்கிறது. பொய் என்று அர்த்தமில்லை. 60 நிமிஷம் வரை பத்திரம், 61இல் ஆபத்து என்று கோடு போட ஆதாரம் கிடையாது என்று அர்த்தம். ஜப்பானில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2023இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு வயதில் அதிகம் திரை பார்த்தவர்களில் இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் பேச்சுத் தொடர்பில் பின்தங்கியவர்கள் கூடுதலாக இருந்தார்கள். இரண்டும் சேர்ந்து போகிறது என்பதைத்தான் அது காட்டுகிறது, திரைதான் காரணம் என்று நிரூபிக்கவில்லை. ஆகவே நிமிஷத்தைப் பிடித்துக்கொண்டு அம்மாக்களோடு சண்டை போடாதீர்கள். வீடியோ காலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம். அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளைக்கு அதுதான் அப்பா. எதிரே இருப்பவர் பிள்ளை பேசுவதற்குப் பதில் பேசுகிறார் என்பதால் வீடியோ கால் மூலம் இரண்டு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் புது வார்த்தை கற்றுக்கொண்டதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடு மையத்துக்கு வருகிறேன். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் குடுக்கிறீங்க?" என்று கேட்டால் யாரும் நிஜத்தைச் சொல்லமாட்டார்கள், எனக்கும் சொல்வதில்லை. "கொஞ்ச நேரம்தான் சார்" என்பார்கள். அதற்குப் பதிலாக "எப்பல்லாம் குடுக்க வேண்டியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள், முகமே மாறிவிடும். சோறு ஊட்டும்போது, காலையில் சமைக்கும்போது, தலைசீவும்போது, பஸ்ஸில், பாட்டிக்கு முட்டுவலி என்பதால் மத்தியானம், பெரியவன் வீட்டுப்பாடம் எழுதும்போது என்று வரிசையாக வரும். பார்த்தீர்களா, ஒவ்வொரு இடத்திலும் போன் ஒரு வேலை செய்கிறது. அந்த வேலையைச் செய்ய வீட்டில் வேறு ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டிய அம்மாவிடம் போய், பிள்ளையோடு இரண்டு மணி நேரம் விளையாடும்மா என்று சொல்வது அநியாயம். போனைப் பிடுங்கினால் அந்த வேலை அப்படியே அவர் தலையில் விழும், அதனால்தான் தலையாட்டிவிட்டுப் போகிறார். ஆக, போன் செய்கிற வேலைகளில் எதை எடுப்பது, அந்த இடத்தில் எதை வைப்பது என்று ஒவ்வொரு அம்மாவோடும் சேர்ந்து முடிவுசெய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு வேலை, அதற்கு மேல் வேண்டாம்.

பெரும்பாலான வீடுகளில் நான் சோற்றிலிருந்துதான் ஆரம்பிப்பேன். எங்கள் அறையிலேயே ஒருவேளை ஊட்டிக் காட்டச் சொல்வேன். அம்மா டிபன் டப்பாவைத் திறப்பார், போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைப்பார், பாட்டு ஓட ஆரம்பித்ததும் பிள்ளையின் வாய் தானாகத் திறக்கும். பருப்புச் சோறா தயிர்ச் சோறா என்று அவன் பார்ப்பதில்லை. வைத்த உருண்டை மெல்லாமல் கன்னத்திலேயே ஒதுங்கி நிற்கும், அம்மா கன்னத்தை லேசாகத் தட்டினால் விழுங்குவான். நெட் சிக்கி அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் வாய் மூடிக்கொள்ளும். இதைப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவையே கவனிக்க வைத்தால் போதும், அறிவுரை தேவைப்படாது. பசி, வயிறு நிறைந்தது, ருசி, மெல்லுவது, 'இன்னும்', 'போதும்' என்று சொல்வது, இதெல்லாம் அந்த நேரத்தில் பழக வேண்டியவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொன்றும் அரைமணி நேரம், பேச்சுக்கு இதைவிட நல்ல பயிற்சி வகுப்பை என்னால் தரமுடியாது.

அம்மாவின் பயம் ஒன்றுதான், சாப்பிடாமல் இளைத்துவிடுவான். இங்கேதான் உங்களிடம் என்னிடம் இல்லாத ஓர் ஆயுதம் இருக்கிறது: மாதாமாதம் எடை போட்டுக் குறிக்கும் வளர்ச்சி அட்டை. பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த பிள்ளை ஒரு வயதில் ஒன்பது கிலோ ஆகும், ஆனால் அடுத்த ஒரு வருஷத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி மெதுவானதால் பசியும் குறைகிறது. முன்பு நன்றாகத் தின்றவன் இப்போது தின்னவில்லை என்று அம்மா பதறுகிற அதே வயதில்தான் போன் சாப்பாட்டுக்குள் நுழைகிறது. அட்டையில் அவன் கோடு எப்படிப் போகிறது என்று விரல் வைத்துக் காட்டி இதைச் சொல்லுங்கள். பிறகு, சாப்பாட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பிஸ்கட்டும் பாலும் வேண்டாம், தட்டில் கொஞ்சம் சோறு வைத்து அவன் கையாலேயே இறைத்துத் தின்னட்டும், கூட யாராவது உட்கார்ந்து சாப்பிடட்டும், இருபது இருபத்தைந்து நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், துரத்தி ஊட்ட வேண்டாம். ஏற்கெனவே எடை குறைந்து பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு இதைத் திடீரென்று செய்யாதீர்கள், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழுகையை நிறுத்தப் போன் கொடுப்பது இரண்டாவது. மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சில மாதம் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று, அடிக்கடி இப்படிச் சமாதானப்படுத்தப்பட்டவர்களில், குறிப்பாக ஆண் பிள்ளைகளில், எடுத்ததற்கெல்லாம் கொதிப்பது கூடியதாகச் சொல்கிறது. அடம் பிடிக்கிற பிள்ளைக்குத்தானே போனும் அதிகம் கிடைக்கும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், நியாயம்தான், இரண்டு பக்கமும் இழுக்கிற கயிறு அது. சமைக்கும் நேரத்துக்கு எனக்குத் தெரிந்த மாற்று சாதாரணமானதுதான்: அடுப்புக்கு எட்டாத தூரத்தில், அம்மா கண்ணில் படும்படி, ஒரு பெட்டியில் மூடிகள், கரண்டி, பழைய டிபன் டப்பா, நான்கைந்து கத்தரிக்காய். அந்தப் பெட்டி அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரவேண்டும், நாள் முழுக்கக் கிடந்தால் அலுத்துவிடும். கடலை, பட்டாணி மாதிரி தொண்டையில் சிக்குவது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அம்மா வேலையை நிறுத்த வேண்டாம், வாய் மட்டும் பேசினால் போதும்: "வெங்காயம் வெட்டுறேன், கண்ணு எரியுது, ஐயோ."

போனை நிறுத்தும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. "இன்னும் ரெண்டு நிமிஷம்தான்" என்று முன்கூட்டியே எச்சரிப்பது நல்லது என்றுதான் எல்லாரும் நினைப்போம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016இல் இதைக் கவனித்தபோது அந்த எச்சரிக்கை ரகளையைக் கூட்டத்தான் செய்தது. வீடியோ தானாக முடிகிற இடத்தில் நிறுத்தியபோது பிள்ளைகள் எளிதாக விட்டார்கள். ஆகவே ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடச் சொல்லுங்கள், பல அம்மாக்களுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கூட்டத்திலேயே ஒவ்வொரு போனாக வாங்கி அணைத்துக் கொடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைவிட அது உருப்படியான வேலை.

கூட்டத்துக்கு யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். போன் கொடுப்பது பல வீடுகளில் தாத்தா பாட்டி, அல்லது ராத்திரி வேலை முடிந்து வந்து பிள்ளையைப் பக்கத்தில் படுக்கவைத்துத் தானும் பார்க்கிற அப்பா. திட்டு வாங்குவது மட்டும் அம்மா. பாட்டிகளைக் கூப்பிட்டால் அவர்களிடம் திரையைப் பற்றிப் பேசாமல், பிள்ளைக்குக் கதை சொல்லும் வேலையைக் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக எடுத்துக்கொள்வார்கள். முப்பது பேரை உட்காரவைத்து மைக்கில் பேசுவதைவிட ஐந்தாறு பேர் கூடினால் நல்லது. அங்கே ஒரு பிள்ளையோடு நீங்களே ஐந்து நிமிஷம் தரையில் உட்கார்ந்து விளையாடிக் காட்டுங்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசிவிட்டு, வாயை மூடிக்கொண்டு பத்து விநாடி காத்திருங்கள். அந்தக் காத்திருப்புதான் வீட்டில் யாருக்கும் வராது. கூட்டத்தில் உங்கள் போன் பைக்குள் இருக்கட்டும்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கியே வையுங்கள். பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்துத் திரையைக் குறைக்கும் திட்டங்களைச் சோதித்த இடங்களில் பொதுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் தலைகீழ் மாற்றம் எங்கேயும் நடந்துவிடவில்லை. நன்றாக நடந்ததில் எனக்குப் பிடித்தது இங்கிலாந்தில் 105 குடும்பங்களோடு செய்து 2024இல் வெளியிட்டது. ஒன்றேகால் முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள், தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும் திரை வேண்டாம், அந்த நேரத்துக்கு என்று விளையாட்டுச் சாமான் உள்ள ஒரு பெட்டியையும் கையில் கொடுத்தார்கள். பெரும்பாலான பெற்றோர் சொன்னபடி செய்தார்கள், தூக்கமும் கொஞ்சம் மேம்பட்டது. கேட்டது சின்னது, மாற்றும் கையிலேயே கிடைத்தது, அதனால்தான் நடந்தது என்று நினைக்கிறேன்.

கடைசியாக, முதல் வாரத்தைப் பற்றி அம்மாக்களிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று நான்கு நாள் அழுகை குறையாது, கூடத்தான் செய்யும், பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்து "என்ன, பிள்ளையை அடிக்கிறியா?" என்று கேட்பார். இது வரும் என்று முன்பே தெரிந்தவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள், தெரியாதவர்கள் இரண்டாம் நாள் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்துவிட்டால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். ஆகவே கல்யாணம், காய்ச்சல், ஊர்க் கோயில் கொடை விழா இருக்கிற வாரத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆரம்பித்தவர்களை மூன்றாம் நாள் நீங்களே கூப்பிட்டு விசாரியுங்கள். "எப்படிப் போகுது, ராத்திரி தூங்கினானா" என்று கேட்டால் போதும், பிள்ளை பார்த்தானா இல்லையா என்று கேட்க வேண்டாம், அவர்களே சொல்வார்கள்.